உம்முடைய மதில் விட்ட நாலடி

இன்று காலை நாம் வேலை செய்த கந்தோரில் அலுமாரியைத் துப்புரவாக்கியபோது உம்முடைய அளவு நாடா கையில் அகப்பட்டது. இழுத்தேன். உள்ளே காய்ந்து கிடந்த கோப்பாய்ச் சேறு என் வெள்ளைச் சட்டையெல்லாம் கொட்டியது. நீர் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர். நானும் சிரித்தேன், பிறகு நாடாவைத் துடைத்து மேசையில் வைத்தேன். வெளியே மூன்றாம் நாளாக மழை.

கோப்பாயில் அந்த வீதியை நாம் திட்டமிட்ட நாட்கள் நினைவுக்கு வந்தன. நான் வடிவமைப்பவன், நீர் நிலம் அளப்பவர். இனி வரும் ஆண்டுகளில் மாரி மழை குறைந்த நேரத்தில் கூடுதலாகக் கொட்டும் என்று காலநிலைக் கணிப்புகள் சொல்லியிருந்தன. அந்த மழையைக் கணினியில் போட்டுப் பார்த்தால், பேருந்து ஓடும் வீதி தண்ணீருக்குள் கிடந்தது. எனக்கு விடை சுலபமாக இருந்தது: வீதியை மூன்றடி உயர்த்துவோம். என் கெட்டித்தனத்தில் எனக்கே பெரிய நம்பிக்கை இருந்த காலம் அது.

நீர் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு வரைபடத்தைப் பார்த்தீர்.

"றோட்டு தப்பும், சரி. தண்ணி எங்கை போறது? மேற்குப் பக்கத்துச் சனத்தின்ரை குசினிக்கையோ?"

மேற்கிலிருந்து வரும் வெள்ளம் வீதியைக் கடந்துதான் கடனீரேரிக்குப் போக வேண்டும். வீதிக்குக் கீழே பெரிய மதகுகள் வைக்கலாம். ஆனால் மதகைத் தாண்டிய தண்ணீரைக் கொண்டுபோக வேண்டிய வெள்ள வாய்க்காலைத்தான் காணவில்லை. பழைய நில அளவைப் படத்தில் பன்னிரண்டு அடி அகலம். நிலத்திலோ ஒரு எட்டில் தாண்டலாம். இரு பக்கமும் ஆண்டுக்காண்டு வேலியை வாய்க்காலுக்குள் அரக்கி அரக்கி ஊர் அதை விழுங்கியிருந்தது.

"எங்கடை ஊரிலை வேலிக்குக் கால் இருக்கு" என்றீர்.

இரண்டு கிழமை வளவு வளவாக அளந்தோம். நாய்கள் குரைத்தன, ஆட்கள் அதைவிடக் கூடக் குரைத்தார்கள். கடைசியில் வந்தது உம்முடைய வளவு. அது மேடு, வெள்ளம் உமக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் உம்முடைய ஐயா கட்டிய மதில் வாய்க்காலுக்குள் நாலடி நின்றது. நீர் அந்த நாலடியையும் குறித்துக்கொண்டீர். நான் பார்க்காததுபோல் நின்றேன்.

அன்று நான் செய்த பிழையை ஒத்துக்கொள்கிறேன். உம்முடைய மதிலடியில் மட்டும் வாய்க்காலைப் படத்தில் கொஞ்சம் வளைத்துக் கீறினேன். ஐயா செத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த மதிலை இடிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் நீர் அந்த வளைவில் விரலை வைத்தீர்.

"உது ஏன் உதிலை மட்டும் வளையுது?"

"சும்மா... இடத்துக்கு ஏற்ற மாதிரி."

"நான் உம்மடை சிநேகிதி எண்டு தண்ணிக்குத் தெரியாது. அழிச்சுப்போட்டு நேராக் கீறும்."

அந்தச் சனிக்கிழமை நீர் மதிலை இடிப்பித்தீர். உம்முடைய கணவர் இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கற்களை நீரே அடுக்கினீர், ஊர் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த கிழமை, நாயை விட்டு எங்களைத் துரத்திய எதிர்வளவுக்காரர் கந்தோருக்கு வந்தார். "எங்கடை பக்கம் எவ்வளவு எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். இரண்டு பேர் மட்டும் கடைசிவரை முறைத்தார்கள். அவர்களின் வேலியடியில் வாய்க்கால் இன்றும் நெரிந்துதான் போகிறது.

வீதியை ஓரடி மட்டும் உயர்த்தி, மதகுகளைக் கணிப்புக்குத் தக்கதாகப் பெருப்பித்தோம். முதல் மாரி வரமுன்பே நோய் உம்மைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு அதில்தான் கவலை.

இன்று மத்தியானம் குடையோடு அந்த வீதிக்குப் போனேன். பேருந்து வழமைபோல ஓடியது. மதகால் வந்த தண்ணீர், நீர் விட்ட நாலடியிலும் நிறைந்து கடனீரேரிப் பக்கம் போனது. மேற்குப் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் வாசலில் நின்றார்.

"முந்தியெண்டால் இந்த மழைக்குக் கட்டில் காலுக்குக் கல்லு வைச்சிட்டு மேலை ஏறி இருப்பம். இந்த முறை கல்லை எடுக்கேல்லை, தம்பி."

அவருக்கு உம்மைத் தெரியாது. உம்முடைய பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது மருதனார்மடத்தில் ஒரு வடிகால் திட்டம் பார்க்கிறேன். அது என் தங்கை வீட்டு வாசல் கேற்றடியால் போகிறது, கேற்றையும் செவ்வரத்தைச் செடியையும் எடுக்க வேண்டும். வளைக்காமல் நேராகக் கீறிய படத்தை நானே கொண்டுபோய் அவளுக்குக் காட்டினேன். இன்னும் என்னோடு கதைக்கிறாளில்லை. இதைக் கேட்டிருந்தால் நீர் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பீர்.