வேறு வீட்டுக்குப் போன நுளம்பு வலை

என்னை முதன்முதல் வாயாடி என்று கூப்பிட்ட, கடைசி வரைக்கும் அந்தப் பெயரை மாற்ற மனம் வராத என் செல்ல ராத்தாவுக்கு, தங்கச்சி ஸலாம் சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் போன பிறகு ஒரு நோன்பும் பெருநாளும் கழிந்துவிட்டன. பதுளையிலிருந்து தந்தி வந்த அன்று ரோட்டில் பஸ் ஓடவில்லை. என்ன பிரச்சினை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. இந்தக் காலத்தில் யார்தான் கேட்கிறார்கள். உம்மாவும் நானும் கல்முனைச் சந்தியில் நின்று நின்று கால் கடுத்து வீட்டுக்கு வந்தோம். உங்கள் வீட்டுக்காரர் மச்சானும் எவ்வளவு நேரம்தான் உங்கள் மையித்தை வைத்துக்கொண்டு எங்களுக்காகப் பார்த்திருப்பார்? அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டார்களாம். உங்கள் முகத்தைப் பார்க்கக் கிடைக்காத கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. யாரோடு கோபிப்பது என்றுதான் தெரியவில்லை.

அதனால் எழுதுகிறேன். உங்களோடு கதைக்காமல் இருந்து பழக்கமில்லை எனக்கு.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கரையில் கலியாணம் முடித்தால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் பிள்ளை பிறந்தவுடனேயே தகப்பன் வீடு கட்டக் கல் சேர்க்கத் தொடங்கிவிடுவார். அப்படித்தான் வாப்பா கடற்கரைப் பக்கத்து வளவில் மூத்த மகள் உங்களுக்கென்று வீடு கட்டினார். கட்டி முடித்து, உங்களைக் கலியாணம் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடி மவுத்தானார். பதுளையில் கடை வைத்திருந்த மச்சான் ஒரு வருஷம் இங்கும் அங்கும் அலைந்து பார்த்தார். கடை படுக்கிற நிலைமைக்கு வந்துவிட்டது. ஒருநாள் நீங்கள் உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைத்தீர்கள்.

"பொம்புளப் புள்ள வாப்பா கட்டின வீட்ட விட்டுட்டுப் புரிசனுக்குப் பின்னால போறதா? ஊர் என்ன கதைக்கும்?" என்று உம்மா கேட்டார்.

"ஊர் கதைக்கும் எண்டு கடைய மூடச் சொல்லவா உம்மா அவருக்கு?" என்றீர்கள் நீங்கள்.

அவ்வளவுதான். உம்மாவுக்கும் பிடிவாதம், உங்களுக்கும் பிடிவாதம். அதற்குப் பிறகு உம்மா உங்கள் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டி வந்தால் "பதுளைக்காரி" என்பார். அந்த வீடு எனக்கு வந்தது. உங்கள் அறையில் படுத்துக்கொண்டு உங்களை நினைத்து நான் அழுதிருக்கிறேன். மறுகா எழும்பி அறை நல்ல காற்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டும் இருக்கிறேன். மறைத்து என்ன செய்ய, ராத்தா?

சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருஷம், வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு என் கலியாணம் நடந்தது. கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருந்தோம். உங்களுக்கு வயிற்றில் பிள்ளை, வரமுடியாது என்று ஊருக்குள் எல்லாருக்கும் தெரியும். உம்மா அழைக்கவும் இல்லை என்பது எங்கள் வீட்டுக்குள் இருந்த கதை. ஆனாலும் நான் எதையாவது எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சேலை வேண்டாம், ஒரு சட்டைத் துணியாவது ராத்தா அனுப்பாமல் இருப்பாவா என்று.

கலியாணத்துக்கு வந்த பெண்கள் சாமான்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள், "மூத்தவள் என்ன அனுப்பின?"

"அவளுக்கு நம்மட ஞாபகம் இரிக்கா?" என்றார் உம்மா, வட்டிலப்பம் வெட்டிக்கொண்டே.

நான் குசினிக்குப் பின்னால் போய் அழுதேன். வாசலில் மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று குரவை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் என் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. நீங்களும் என்னை விட்டுவிட்டீர்கள் என்று அன்றைக்கு நம்பினேன்.

கொஞ்ச மாதம் கழித்து மச்சான் கருவாடு எடுக்க ஊருக்கு வந்தார். வேலிக் கடப்பலுக்கு வெளியே நின்றபடி என்னைக் கூப்பிட்டார். உள்ளே வரச் சொல்ல எனக்கு வாய் வந்தது, உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

"வலை நல்லமா புள்ள? கட்டிலுக்குக் காணுமா?" என்று கேட்டார்.

"என்ன வலை மச்சான்?"

"நுளம்பு வலை. கலியாணத்துக்கு ராத்தா தைச்சு அனுப்பின. வயித்துப் புள்ளையோட இருந்து முழுக்கக் கையால தைச்சா. தபால்ல போட்ட நான்தான்."

உள்ளேயிருந்து உம்மாவின் குரல் வந்தது. "அனுப்பல்ல எண்டா அனுப்பல்ல எண்டு சொல்லட்டும். வராத சாமானுக்கு இப்ப என்னத்துக்குக் கதை?"

பாவம் மச்சான். கருவாட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போய் உங்களிடம் ஒரு சொல் விடாமல் சொல்லியும் இருக்கிறார். கொஞ்சம் மறைத்திருக்கலாம், ஆனால் அவருக்கு அந்தக் கெட்டித்தனம் எப்போதுதான் இருந்தது? நீங்கள் சொல்லியனுப்பிய பதிலை அடுத்த முறை வந்தபோது தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "என்ன கள்ளியாக்கின வீட்டுப் படி இனி மிதிக்க மாட்டன் எண்டு சொல்லச் சொன்னா."

தொலைந்தது ஒரு வலைதான், ஆனால் அதோடு நீங்களும் உம்மாவும் முழுதாகத் தொலைகிற மாதிரி ஆகிவிட்டது. அதுவரை உம்மாவுக்கு உங்களோடு இருந்தது கோபம். இப்போது நீங்கள் பொய் சொன்னதாகவும் நம்பினார். உங்களுக்கோ செய்த நன்மைக்கே பழி. நடுவில் நான். அந்த வலை கிடைத்தால்தான் எனக்கு ராத்தா கிடைப்பா என்று விளங்கிவிட்டது. தபால்காரரை வழியில் மறித்துக் கேட்டேன். "சின்னான் வீட்டுக்கு ஒரு பாசலும் வரல்ல புள்ள, வந்தா நான் தராம விடுவனா?" என்றார். என் வீட்டுக்காரரை ஊரே சின்னான் என்றுதானே கூப்பிடும். சந்தையில், வயல் வட்டையில், பள்ளிவாசலில், எங்கே கேட்டாலும் அவர் சின்னான்தான்.

இனி வருவதுதான் உங்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லி, நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கதை. இன்னொரு தடவை கேளுங்கள்.

பின் தெருவில் ஒரு பெண், எனக்குக் கலியாணம் நடந்த அதே கிழமை கலியாணம் முடித்தவள். சுபைதா என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரை எழுதினால் நாளைக்கே வாசலில் வந்து நிற்பாள். அவளுக்குப் பெண் பிள்ளை பிறந்து நாற்பது நாள் முடிந்தது. ஊர்ப் பெண்கள் பிள்ளை பார்க்கப் போனோம். உம்மா சவர்க்காரமும் பவுடரும் வாங்கிக்கொண்டு வந்தார். உள் அறையில் கட்டில். கட்டிலுக்கு மேலே வெள்ளை நுளம்பு வலை. அதற்குள்ளே பிள்ளை நித்திரை.

உம்மா கட்டில் ஓரத்தில் இருந்து, பிள்ளையைப் பார்க்க வலையின் விளிம்பைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. பிள்ளையைப் பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். உம்மா விளிம்பில் மடித்துத் தைத்திருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சத்துக்குப் பிடித்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

நானும் குனிந்து பார்த்தேன். தையல் எல்லாம் மறுபக்கம் சாய்ந்திருந்தது.

நீங்கள் இடக்கையால் தைப்பவர். இடக்கை என்று உம்மா அகப்பைக் காம்பால் உங்கள் விரலில் தட்டுவார். சாப்பாட்டுக்கு வலக்கைக்கு மாறினீர்கள், ஊசிக்கு மாறவேயில்லை. எங்கள் தையல் ஒரு பக்கம் சாயும், உங்கள் தையல் மறுபக்கம் சாயும். எங்கள் தெருவில் அப்படித் தைக்க வேறு ஆள் இல்லை.

"இந்த வலை எங்கால வாங்கின புள்ள?" உம்மா சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"வாங்கல்ல மாமி, கலியாணத்துக்குத் தபால்ல வந்த. இவர்ட பேர் போட்டு வந்த. பதுளைப் பக்கம் இவர்ட சாச்சா கடை வச்சிரிக்கார், அவர்தான் அனுப்பியிருப்பார்."

அவள் புருஷன் பெயர் இஸ்மாயில். என் வீட்டுக்காரருடைய பள்ளிக்கூடப் பெயரும் இஸ்மாயில்தான், அது எனக்கே கலியாணப் பதிவில்தான் ஞாபகம் வந்தது. உம்மா பெயருக்கு அனுப்பினால் திருப்பி விடுவார் என்று பயந்து நீங்கள் மாப்பிள்ளை பெயருக்கு அனுப்பியிருக்கிறீர்கள். புது மாப்பிள்ளைக்குச் சின்னான் என்று எழுதுவது மரியாதை இல்லை என்று யாரிடமோ விசாரித்து முழுப் பெயரை எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயரோடு ஊருக்கு வந்தால் அது பின் தெரு இஸ்மாயிலுக்குத்தானே போகும்? உள்ளே ஒரு துண்டுக் கடதாசி வைத்திருக்கலாம் இல்லையா, ராத்தா? தையலைப் பார்த்தால் உம்மாவுக்கு விளங்கும் என்று நினைத்தீர்களாம். விளங்கத்தான் செய்தது, வேறு வீட்டில் வைத்து.

நான் வாயைத் திறந்தேன். உம்மா என் தொடையில் ஒரு நுள்ளு நுள்ளினார். இன்றைக்கும் அந்த இடம் நோகிற மாதிரி இருக்கிறது.

"நல்ல தையல் புள்ள. கழுவக்குள்ள முறுக்கிப் பிழியாத, சீலை கிழிஞ்சிரும்," என்று சொல்லிவிட்டு, விளிம்பைப் பாய்க்குக் கீழே பக்குவமாகச் செருகினார்.

எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் உம்மா கேக்கல்ல? அது எனக்கு வந்த வலைதானே?"

"புள்ள படுத்துக் கிடக்கிற வலையக் கழட்டித் தா எண்டு கேக்கவா? மாப்பிள்ள வீட்டார் குடுத்த எண்டு ஊரெல்லாம் சொல்லி வச்சிரிக்காள். அவள்ட முகம் என்னத்துக்காகும்?"

பிறகு, எனக்கில்லை, தனக்குத்தானே சொன்னார். "அவள் அனுப்பித்தான் இரிக்காள். நான்தான் அவளக் கள்ளி எண்ட."

அடுத்த நாள் காலையில் உம்மா பெட்டி கட்டிவிட்டார். அம்பாறைக்கு அப்பால் போயறியாத மனுஷி. குத்தரிசி, நெத்தலிக் கருவாடு, தொதல், எல்லாவற்றையும் என் தலையில்தான் ஏற்றினார். வளைவுக்கு வளைவு சத்தி எடுத்துக்கொண்டே மலை ஏறினோம். "இந்த ரோட்டிலயா என்ட புள்ள ஏறிப் போன?" என்று உம்மா கேட்டுக்கொண்டே வந்தார்.

நீங்கள் கதவைத் திறந்தீர்கள். இடுப்பில் மகள். உம்மா படியில் நின்றார், நீங்கள் உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. என் வாய் வேலை செய்யாமல் போன ஒரே நேரம் அதுதான்.

"எனக்கும் ஒரு வலை தை," என்றார் உம்மா. "அங்க நுளம்பு கடிக்கிது."

நீங்கள் மகளை என் கையில் தந்துவிட்டு உள்ளே போய் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்தீர்கள். "கட்டில் எத்தின முழம் உம்மா?" என்று கேட்கும்போது உங்கள் குரல் உடைந்தது. உம்மா முழத்தைச் சொல்லவில்லை. நாடா பிடித்திருந்த உங்கள் இடக்கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, "இந்தக் கைக்கு எத்தின தரம் அடிச்சிரிப்பன்," என்று அழுதார். நாங்கள் மூன்று பேரும் அழுதோம். மகளும் பயத்தில் அழுதாள். மச்சான் கடையில் இருந்து ஓடிவந்து, யார் மவுத் என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நீங்கள் எத்தனை தடவை வந்துபோனீர்கள். வந்தால் சுபைதாவின் பிள்ளையைப் பார்க்காமல் போகமாட்டீர்கள். அவள் இன்றைக்கும் ஒன்றும் அறியாள். நீங்கள் மவுத்தான செய்தி கேட்டு முதல் ஆளாக வந்து உம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "என்ட புள்ளையில ராத்தாக்கு என்ன இரக்கமோ தெரியா, ஒவ்வொரு முறையும் தேடி வாற," என்றாள். எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. இனியாவது சொல்லவா, ராத்தா? சொன்னால் சந்தோஷப்படுவாளா, வெட்கப்படுவாளா?

உம்மா சுகமாக இருக்கிறார், கண்தான் கொஞ்சம் மங்கல். நீங்கள் தைத்துக் கொடுத்த வலைக்குள்தான் படுக்கிறார். போன மாதம் அதில் ஒரு மூலை கிழிந்துவிட்டது. ஊசியோடு போனேன், விடவில்லை. "நீ தைச்சா மத்தப் பக்கம் சாயும், வை," என்கிறார். ஓட்டையை ஓர் ஊக்கு குத்தி வைத்திருக்கிறார். நுளம்பு உள்ளே போகிறது, உம்மா சொறிந்துகொண்டு படுக்கிறார், நான் அறைக்கு வெளியே நின்று அழுகிறேன்.

உங்கள் மகள் வளர்ந்துவிட்டாளாம், மச்சான் வந்தபோது சொன்னார். உங்களைப் போலவே எதிர்த்துக் கதைக்கிறாளாம். நல்லது. அவள் நாளைக்கு எந்த ஊர் மாப்பிள்ளையை முடித்தாலும், எந்த மலைக்குப் போய்க் குடியிருந்தாலும், யாருடன் கோபித்துக்கொண்டாலும், என்னை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும், அவளுக்கு நான் கொடுக்க வேண்டியதைத் தபாலில் போடமாட்டேன். என் கையில் தூக்கிக்கொண்டு போவேன். வாசலில் நின்று, "உன்ட உம்மாட தங்கச்சி வந்திரிக்கன் புள்ள, கதவத் திற," என்பேன். இது உங்களுக்கு என் வாக்கு.

அல்லாஹ் உங்கள் கப்றை விசாலமாக்கி வைக்கட்டும்.

அதே வயிற்றில் உங்களுக்குப் பின்னால் வந்த
உங்கள் தங்கச்சி