அப்பாவின் சாக்குத் திண்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி இப்போது தேவலையா? தைலம் தேய்க்கச் சொன்னால் இன்னும் அம்மாவிடம் சண்டை போடுகிறீர்களா?

ஒரு விஷயம், பயந்துவிடாதீர்கள். துப்பாக்கிப் பயிற்சியில் முழங்கால் ஊன்றிச் சுடும்போது வலது குதிகாலின்மேல் உட்கார வேண்டும். போன வாரம் கால் மரத்துப்போனது தெரியாமல் எழுந்து, பொத்தென்று விழுந்துவிட்டேன். துப்பாக்கியை முதலிலேயே கீழே வைத்திருந்தேன். மானம் மட்டும்தான் போனது.

"சுடும்போதும் இப்படி உடம்பு ஆடினா டீம்ல எடுக்க முடியாதும்மா" என்றார் கோச்.

அப்போதுதான் நீங்கள் டைல்ஸ் ஒட்டும் அழகு ஞாபகம் வந்தது. கணுக்காலுக்கு அடியில் சாக்கைச் சுருட்டி வைத்து, பாரத்தையெல்லாம் குதிகாலில் இறக்கிவிட்டு, பிள்ளையார் மாதிரி அசையாமல் இருப்பீர்களே! எங்களுக்கும் அப்படி ஒரு திண்டு உண்டு. என்னுடையது கல்லாக இருந்தது. பாதிப் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உங்களைப் போலவே உட்கார்ந்தேன். துப்பாக்கிக் குழலின் முனை துளிகூட ஆடவில்லை.

"யாரும்மா இப்படி உக்காரச் சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் சொல்லிக்கொடுக்கல சார். எங்கப்பா டைல்ஸ் ஒட்டுறவர்."

டீமில் எடுத்துவிட்டார்கள், அப்பா!

புதுத் திண்டு ஒன்றும் கொடுத்தார்கள். மெத்தென்று இருக்கிறது. அதை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பதிலுக்கு உங்கள் பழைய சாக்கை எனக்கு அனுப்புங்கள். அம்மா அதைத் துவைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சிமென்ட் வாசனை எனக்கு வேண்டும்.

பயிற்சிக்கு விசில் ஊதிவிட்டார்கள், ஓடுகிறேன்.

உங்கள் சின்னக்குட்டி