கையுறைக்குள் பவுடர்

இன்று காலை, கரண்ட் வேலைக்குப் போடுகிற ரப்பர் கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். கையுறையின் வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, கன்னத்தருகே வைத்து அமுக்கிப் பார்ப்பது தினமும் செய்கிற வேலைதான். ஓட்டை இல்லை. சுருளை விட்டதும் உள்ளிருந்த காற்று முகத்தில் பட்டது. உன் பவுடர் வாசனை.

வேர்வையில் என் விரல்கள் வெந்துபோகின்றன என்று நீதான் உள்ளே பவுடர் தூவி வைப்பாய். சித்திரையில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அதன்பின் வேறு ஜோடியைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். நேற்று அது கிழிந்தது. இதை எடுக்க வேண்டியதாயிற்று.

செங்கல்பட்டு வீட்டுக்குச் சாயங்காலம் திரும்பினால் வாசலிலேயே மறிப்பாய்.

"அங்கியே நில்லுங்க. ஒடம்புல கரண்ட்டு மிச்சம் கீதான்னு பாக்கறேன்."

ஒற்றை விரலால் என் மணிக்கட்டைத் தொட்டு, "ஐயோ, அட்ச்சிடுச்சு!" என்று துள்ளுவாய்.

"நான் இன்னா கம்பமா?"

"கம்பமாச்சும் நாலு பேருக்கு வெளிச்சம் குடுக்குது."

இப்போது என்னை யாரும் தொடுவதில்லை. பஸ்ஸில் யாராவது தோளில் இடித்தால்கூட விலகத் தோன்றுவதில்லை.

இன்று மாமல்லபுரத்தில், உன் அம்மா இருக்கும் தெருவுக்கு மின்சாரம் கொடுக்கிற வேலை. கருமாதிக்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அவரைப் பார்த்தால் உடைந்துவிடுவேன் என்று பயம். மரம் மாதிரி நின்றுவிடுவேனோ என்று அதைவிடப் பயம்.

ஃபியூஸை மாட்டிவிட்டுக் கையுறையைக் கழற்றினேன். விரலிலிருந்து மணிக்கட்டுவரை வெள்ளை. "மாப்ளைக்குச் சோறு போதுமா கேளு" என்று கதவுக்குப் பின்னால் நின்று உன்னிடம் சொல்லியே என்னோடு பேசுகிற உன் அம்மா, தெருவுக்கே வந்துவிட்டார்.

"எங்க வூட்டு வழி மறந்துடுச்சா நைனா?"

"வேலைங்க அத்தை."

"இன்னா பொல்லாத வேல. எலும்பும் தோலுமா கீற."

என் மணிக்கட்டைப் பிடித்தார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் விடவில்லை. நான் மரம் மாதிரிதான் நின்றேன். பிறகு கையை எடுத்தவர், தன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த வெள்ளையைப் பார்த்தார். முகர்ந்தார். உதடு கோணியது.

"வா. ஒரு வாய் துன்னுட்டுப் போ."

செம்பில் தண்ணீர் கொடுத்தார். வாங்கிக்கொண்டு சும்மா நின்றேன்.

"கழுவு நைனா" என்றார், மெதுவாக. "எத்தினி நாளிக்கி வச்சிக்குவ?"

கழுவினேன். முற்றத்துத் தண்ணீரில் கொஞ்சம் வெள்ளை ஓடி மறைந்தது.

வீட்டுக்கு வந்து, அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன். வாசனை போய்விட்டது. அவர் பிடித்த இடம் மட்டும் இன்னும் கதகதப்பாக இருக்கிறது.