விடுவிக்க வாங்கிய கிளி

ஜூன் 12, வியாழன்

மின்சாரம் போய்ப் போய் வந்தது. இட்லி மாவு அரைப்பது பாதியில் நின்றுவிட்டது. நான் புலம்பியதற்கு அவரிடமிருந்து ஒரு "ம்" கூட இல்லை. பின்பக்கம் போய்க் கிளியிடம் மட்டும், "இன்னிக்கு வெயில் ஜாஸ்திடா, தண்ணி குடி" என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அளந்துதான் பேசுவார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதுவும் குறைந்துவிட்டது. ஒரு பறவையிடம் இத்தனை பேச்சா? சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

ஜூன் 15, ஞாயிறு

மகள் சுருதி பெங்களூரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். கிளியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "அம்மா, அது சட்டப்படி குத்தம். ஃபாரஸ்ட்ல கேஸ் போடுவாங்க" என்றாள்.

நாங்கள் பிடிக்கவில்லையே! மகாவீர் ஜெயந்திக்கு எப்போதும்போல ஜீவதயையாக விடுவிக்கத்தானே கிளி விற்கும் கோபியிடம் கூண்டோடு வாங்கினோம்? வேங்கிக்கால் ஏரிக்கரையில் திறந்ததும் மற்றவை பறந்துவிட்டன. இது மட்டும் தத்தித் தத்தித் தரையிலேயே நின்றது. இறகை வெட்டி வைத்திருந்தான் பாவி. பூனை வாயில் விட்டுவிட்டு வருவதா?

எல்லாம் சொன்னேன். பிடித்தாலும் தப்பு, வாங்கினாலும் தப்பு, வைத்திருந்தாலும் தப்பு என்றாள். என்னைப் பயமுறுத்திவிட்டு அவள் சாப்பிடப் போய்விட்டாள்.

ஜூன் 16

இறகு முளைத்ததும் விட்டுவிடலாம் என்றேன். தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பொழுது சாய்வதற்குள் எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். கிளியும் ஜைனக் கிளியாகிவிட்டது. வெளிச்சம் மங்கினால் தீனி கேட்டுக் கூண்டைப் போட்டு உலுக்குகிறது. இன்று நிலக்கடலை கொடுத்தபோது என் விரலை லேசாகக் கவ்வி விட்டது. கடிக்கவில்லை. எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது. அவரை மட்டும் சொல்வானேன் — எனக்கும் இது வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

இறக்கையில் பளபளவென்று புது இறகுகள். கூண்டுக்குள்ளேயே அடித்துப் பார்க்கிறது.

மத்தியானம் அவர் மெதுவாகச் சொன்னார்: "நுனிய மட்டும் கத்தரிச்சா வலிக்காதாம்." கோபி சொன்னானாம். தரையில் எறும்பு ஊர்ந்தால் சுற்றிப் போகிற மனுஷன்! நான் கத்தரிக்கோலை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஆனால் திறந்து விட்டுவிடலாம் என்று நானும் சொல்லவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி



காலையில் கோபி வந்தான், துணி மூடிய பெரிய கூண்டோடு. தீபாவளி மகாவீரர் முக்தி அடைந்த நாள், அன்றைக்கும் நாங்கள் விடுவது உண்டு. சந்தோஷமாகத்தான் துணியை நீக்கினேன். ஒன்றின் மேல் ஒன்றாக அடைத்திருந்தான். ஒரு கிளிக்கு வலையில் சிக்கிக் கால் வீங்கியிருந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கம் கம்பங்கொல்லையில் பிடித்தானாம்.

"எதுக்குடா இத்தினி?"

"உங்களுக்குத்தாம்மா. நீங்க உடறதுக்காகத்தான் புடிக்கிறேன். வேற யாரு இத்தினி வாங்குவாங்க?"

வெகுளியாகத்தான் சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. நாங்கள் புண்ணியம் தேடியதால்தான் இவை பிடிபட்டிருக்கின்றன. வருஷா வருஷம்! இது ஏன் எங்களுக்குத் தோன்றவே இல்லை?

வாங்க மாட்டோம் என்றேன். அப்படியானால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகக் கூண்டைத் தூக்கினான். வனத்துறைக்குச் சொல்லலாம் என்றால், எங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறதே? அப்போதுதான் இவர் வாசலுக்கு வந்தார்.

"வெச்சிட்டுப் போ கோபி. ஃபாரஸ்ட் ஆபீசுக்கு நான் போன் பண்றேன். எங்களதையும் சேத்தே குடுத்துடறோம்."

கோபி முறைத்தான். பிறகு கூண்டை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

வனத்துறை ஆட்கள் வரும்வரை இவர் கிளியருகே உட்கார்ந்திருந்தார். அதனிடம்கூடப் பேசவில்லை. வந்த அதிகாரி, வாங்குவதால்தான் பிடிக்கிறார்கள் என்று கண்டித்தார். தலை குனிந்து கேட்டுக்கொண்டோம். பெயர் கேட்டதற்கு "ஜம்புகுமார்" என்று இவரே சொன்னார். எங்கள் கிளியைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

அக்டோபர் 18

அவர் சாப்பிடவில்லை. நானும்.

அக்டோபர் 20, தீபாவளி

கோயிலில் எல்லோரிடமும் சொன்னேன், பறவை வாங்கி விடாதீர்கள் என்று. எங்களோடு பறவை விட வரும் சரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிக்கொள்ளட்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

வனத்துறையிலிருந்து போன். எல்லாவற்றையும் காட்டில் விட்டுவிட்டார்களாம், கால் வீங்கியதையும் சேர்த்து. எங்களுடையது தயங்கித் தயங்கிக் கடைசியாக வெளியே வந்ததாம். ஒருமுறை மரத்தில் ஏறியபின் திரும்பவே இல்லையாம். அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"மருதேவி, கொஞ்ச நேரம் வந்து உக்காரேன். வீடு வெறிச்சுனு இருக்கு."

ஈரக் கையோடு போய் உட்கார்ந்தேன். மூட்டுவலியில் ஆரம்பித்தார். சுருதி போனபிறகு மாடி அறைக்குப் போகவே பிடிக்கவில்லை என்றார். ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் போட்ட மாலையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வர மனசில்லாமல் பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். இத்தனை நாள் எனக்கு இது தெரியாது.

இருட்டிவிட்டது. விளக்குப் போட நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.