பட்டினத்தில் சாவு அதிகம்

மார்கழி 9, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். உடுப்பு ஒன்றும் காயவில்லை. மகனின் சப்பாத்து இன்னும் ஈரம்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பேச வேண்டும். 'நகரின் அளவும் மக்களின் நலமும்'. புவியியல் படிப்பிக்கிறேன் என்பதால் அதிபர் என் தலையில் கட்டிவிட்டார். முதல் பக்கம் எழுதியாயிற்று: யாழ்ப்பாணப் பட்டினத்தில் பதிவாகும் சாவுகள் அதிகம், சுற்றியுள்ள ஊர்களில் குறைவு. காரணம் நெரிசல், புகை, வாய்க்கால், நுளம்புக்கடி. ஊரில் நல்ல காற்று, உழைத்த உடம்பு. உதாரணத்துக்கு அப்பா. எழுபது தாண்டியும் புத்தூரில் வயலுக்கு இறங்குகிறவர். எழுதும்போது கொஞ்சம் பெருமை.

பின்னேரம் அண்ணைக்குப் போன். அப்பாவுக்குக் காய்ச்சலாம்.

"எப்ப துவங்கினது?"

"உது ஒரு நாலைஞ்சு நாள். மழைக்குள்ளை வயலுக்கை நிண்டவர். கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கிறம். பனடோலும் போட்டவர்."

கண் சிவந்திருக்கிறதா என்று கேட்டேன். ஓமாம். கெண்டைக்கால் நோகிறதா என்றேன். அண்ணைக்குச் சினம். "நீ என்ன டொக்டரே?"

ஊர் ஊராக ஒலிபெருக்கி கட்டி, வயல் தண்ணியால் வரும் எலிக்காய்ச்சல் பற்றிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். புத்தூருக்கு மட்டும் போகவில்லையா? நாளைக்கு லீவு. நானே போகிறேன்.

மார்கழி 10, செவ்வாய்

அப்பாவின் கண் மஞ்சள். என்னைப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடம் இல்லையே பிள்ளை?" என்று கேட்டார். எழும்பி நிற்க முடியவில்லை.

அண்ணையோடு ஒரு சண்டை. பிறகு ஓட்டோ. பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் பார்த்த உடனேயே அம்புலன்ஸில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வழியெல்லாம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நெருப்பாகக் கொதித்தது.

எலிக்காய்ச்சல்தான். டொக்டர் சின்னப் பெடியன், நிதானமாகக் கதைத்தான்.

"பிந்திப்போச்சு அம்மா. சலம் போகேல்லை. சிறுநீரகம் ரெண்டும் வேலை செய்யேல்லை. மெசினிலை போட்டு இரத்தத்தைச் சுத்தம் பண்ணிப் பாப்பம்."

"திரும்ப வேலை செய்யுமோ?"

"கன பேருக்குச் செய்திருக்கு. பொறுக்கவேணும்."

கட்டிலின் கீழே, சிறுநீர் சேரும் சலப்பை தொங்குகிறது. வெறும் பை.

வாங்க வேண்டியது: சோப், துவாய், போத்தல் தண்ணீர். இவரிடம் சொல்லி மகனுக்கு இரவுச் சாப்பாடு.

மார்கழி 11, புதன்

மழை விட்டுவிட்டது. வெக்கை.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களோடு கதைத்தேன். கரவெட்டி, அச்சுவேலி, சாவகச்சேரி. எல்லோரும் வயலில் நின்றவர்கள். எல்லாரும் வீட்டில் படுத்திருந்து, ஏலாமல் போன பிறகு வந்தவர்கள். எங்கள் வரிசையில் பட்டினத்து ஆள் ஒருவர்கூட இல்லை.

மத்தியானம் கரவெட்டிக்காரர் போய்விட்டார். மனைவி சத்தமே இல்லாமல் அவருடைய தேத்தண்ணிப் போத்தலைக் கழுவிப் பைக்குள் வைத்தாள். என்னால் பார்க்க முடியவில்லை.

அவருடைய சாவு யாழ்ப்பாணத்தில்தான் பதிவாகும். கரவெட்டியின் கணக்கில் ஒன்று குறையும், பட்டினத்தின் கணக்கில் ஒன்று கூடும். நான் முதல் பக்கத்தில் எழுதியது முழுப் பிழை. ஊரில் நோயை வைத்திருந்து முற்றவிட்டுச் சாவை மட்டும் இங்கே அனுப்புகிறோம். பிறகு பட்டினத்துக் காற்றைக் குறை சொல்கிறோம். இந்த மெசின் இருப்பதும் இந்தப் பட்டினத்தில்தானே.

பின்னேரம் அண்ணை வந்தார். குழாய்களைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது.

"தங்கச்சி, துண்டு வெட்டிக்கொண்டு வீட்டை போவம்."

வைத்தியம் வேண்டாம் என்று கையெழுத்து வைத்து, உயிர் இருக்கும்போதே கொண்டுபோவது. எங்கள் ஆட்களுக்கு உயிர் வீட்டில்தான் போக வேண்டும். அம்மாவையும் அப்படித்தான் கொண்டுபோனோம். ஆனால் அம்மாவுக்குப் புற்று. இது மருந்தில் மாறக்கூடிய வருத்தம்!

அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டே, "வீட்டை கொண்டுபோ தம்பி" என்றார்.

மார்கழி 12, வியாழன்

இரண்டாம் தரம் மெசின். சலம் இல்லை.

அண்ணி போன் எடுத்தா. கூடம் கழுவியாயிற்றாம். பந்தலுக்குத் தகரம் சொல்லியாயிற்றாம். கனடாச் சித்தப்பா டிக்கெட் போட்டுவிட்டாராம். மனிசன் உயிரோடு கிடக்கிறார். போனை வைத்துவிட்டேன். மரியாதை இல்லைதான்.

அண்ணையிடம் டொக்டர் இன்னும் ஒரு நாள் பொறுக்கச் சொல்லிக் கேட்டான். அண்ணை தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து என்னிடம், "நாளைக்கு வான் சொல்லிப்போட்டன்" என்றார். "இங்கை உயிர் போனால் பிரேத பரிசோதனை எண்டு வெட்டிப்போட்டுத்தான் தருவினம். நான் மூத்த மகன், நான் கையெழுத்து வைக்கிறன். நீ கட்டிக் குடுத்த பிள்ளை."

நானும் விடவில்லை. வராந்தாவில் எல்லோரும் பார்க்கக் கத்தினேன். "வீட்டை கொண்டுபோனால் நாளண்டைக்கு அப்பா இல்லை. அது தெரிஞ்சுதானே கூப்பிடுறியள்?"

அண்ணை வாங்கில் குந்திவிட்டார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "இங்கை செத்தால், மூத்த மோன் நேரத்தோடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேல்லை எண்டு ஊர் சொல்லும். வீட்டிலை போனால், வயசு, காலம் வந்திட்டுது எண்டு சொல்லுவினம்" என்றார்.

ஒரு கோப்பை பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் வைத்துக்கொண்டு இருந்தார்.

மார்கழி 13, வெள்ளி

அதிபருக்குப் போன்: பேச்சு இல்லை. "ஏன் ரீச்சர், ஆயத்தமில்லையோ?" எழுதினது பிழை, திருப்பி எழுத வேணும் என்றேன்.

வான் வந்து வாசலில் நிற்கிறது. பின் சீற்றைக் கழற்றிப் பாய் விரித்திருக்கிறார்கள். அண்ணையின் சட்டைப்பையில் பேனை. நான் அப்பாவின் கட்டிலில் ஏறி இருந்துவிட்டேன். சின்னப்பிள்ளை மாதிரித்தான். இறங்குவதில்லை என்று முடிவு.

வார்டுத் தாதி மிஸ் வந்து என்னைப் பேசினாள், நோயாளியின் கட்டிலில் இருக்கக் கூடாதென்று. பேசிக்கொண்டே குனிந்தவள் அப்படியே நின்றாள். பிறகு சலப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் கொஞ்சம். தேத்தண்ணி நிறத்தில். அண்ணை கிட்ட வந்து பார்த்தார். கையால் தொட்டும் பார்த்தார். டொக்டரைக் கூப்பிட மிஸ் ஓடினாள்.

அந்த நேரம் அண்ணையின் போன். புத்தூரிலிருந்து யாரோ. குரல் எனக்கும் கேட்டது.

"எத்தினை மணிக்கு எடுக்கிறியள்?"

அண்ணை பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எடுக்கேல்லை. அப்பாவுக்குச் சலம் போகுது."