வெறும் ‘சரி’ போதாது

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பிடித்துப்போய்விட்டது.

நேற்று ஒரு கூத்து. புறப்படக் காத்திருந்த விமானியிடம், ஓடுபாதைக்கு வெளியிலேயே நிற்கும்படி ரேடியோவில் சொன்னேன். “சரி” என்றார். எங்கள் வேலையில் ‘சரி’ என்பது பதிலே இல்லை. சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லச் சொன்னேன். “ஓடுபாதைக்குள்ள போய் நிக்கிறேன்” என்கிறார் மனுஷன்! அதே ஓடுபாதையில் இறங்க இன்னொரு விமானம் வந்துகொண்டிருந்தது. பதறாதீர்கள், உடனே திருத்திவிட்டேன். அவரும் வெளியிலேயே நின்றார்.

“நல்ல காதும்மா உனக்கு” என்றார் மேலதிகாரி. எல்லாம் உங்களிடம் ஃபோன் பேசிய பழக்கம்தான். எதைச் சொன்னாலும் “சரிம்மா” என்பீர்கள். மாத்திரை மட்டும் டப்பாவிலேயே இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, அப்பா.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. “எப்போம்மா வர்றே?” என்றால் “சீக்கிரம்ப்பா” என்கிறேன். அதற்கும் “சரிம்மா”தான். இனி அப்படி வேண்டாம். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி, காலை ஏழு மணிக்கு வருகிறேன்.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. பதிலில் தேதியையும் நேரத்தையும் திருப்பி எழுதுங்கள். உங்கள் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கே நம்பிக்கை வரும்.

உங்கள் மகள்