புகையில்லாத புதன்

மே 12, திங்கள். கல்வராயன் மலை
நல்ல வெயில். மேகம் கம்மி. கருவி பத்திரம், பஸ் குலுக்கலில் என் இடுப்புதான் போச்சு. தங்கல் கோவிந்தன் அண்ணன், வள்ளி அக்கா வீட்டில்.

இன்னா வேலை என்று அண்ணன் கேட்டார். காற்றில் கரி வாயு எவ்வளவு என்று அளக்க வந்தேன், மேலே சாட்டிலைட்டும் பார்க்கும் என்றேன். முகம் மாறிவிட்டது.

"நாங்க மரத்த வெட்டிக் கரிமூட்டம்லாம் போடறதில்லைங்க மேடம்."

மே 13, செவ்வாய்
வாங்க: டேப், பேட்டரி, குடை (எனக்கல்ல, கருவிக்கு).

அண்ணனின் பட்டா நிலத்தில் உண்ணிமுள் புதர் வெட்டிக் காய்ந்து கிடக்கிறது. எரித்தால்தான் உழவு, சாமை விதைப்பு. நேற்றே எரித்திருக்க வேண்டியது.

"மேலருந்து பாத்துக்கினு இருக்குது, கேஸ் போட்டுடுவாங்கன்னு பயந்துக்கினு குந்தியிருக்காரு" என்றார் அக்கா.

உட்கார்ந்து விளக்கினேன். தரையில் பட்டுத் திரும்பும் வெயிலில் எந்த நிறம் எவ்வளவு குறைகிறது என்று சாட்டிலைட் பார்க்கும். அதை வைத்து வாயுக் கணக்கு. அந்தக் கணக்கு சரியா என்று கீழேயிருந்து பார்ப்பது என் வேலை. "யாரு எரிச்சாங்கன்னு அதுக்குத் தெரியாதுண்ணே. இந்த ஊரே அதுக்கு ஒரு புள்ளிதான்."

"புகை வந்தா உங்க மிஷினுக்கு இன்னா ஆவும்?"

பொய் வரவில்லை. நாளை மதியம் சாட்டிலைட் மேலே போகும்போது புகை இருந்தால் என் அளவு கெடும். இன்றே எரித்துவிடுங்கள் என்றேன்.

"இன்னிக்குக் காத்து ஜாஸ்தி. நாளைக்கு உங்க வேலை முடியட்டும், சாயந்திரமா வெச்சிக்கறேன்."

மே 14, புதன்
மதியம் துடைத்த மாதிரி வானம். அளவு அற்புதம். குதித்தேன்.

எங்கள் கள்ளக்குறிச்சிக் கடையிலிருந்து அத்தா போன், மகள் மேல் கவலை: "இங்க இருட்டிக்கினு வருதும்மா, பாத்து இரு."

நாலு மணிக்குக் கொட்டியது. தீப்பெட்டியோடு போன அண்ணன் நனைந்து திரும்பினார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

மே 15, வியாழன்
தூறல். ஈர முள் எரியாது. இந்த ஈரத்தை விட்டால் விதைப்பு தள்ளிப்போகும். இரண்டு பேரும் முள்ளைக் கையாலேயே இழுத்து ஓரம் போடுகிறார்கள். நானும் இறங்கினேன். கையெல்லாம் கிழிசல். அக்கா இன்னும் பேசவில்லை.

புரொபசர் போன். நேற்றைய அளவு அருமையாம். பக்கத்தில் புகை ஏதாவது இருந்ததா என்றார்.

"இல்லை சார்."

"இன்னா சொல்றாரு?" என்றார் அண்ணன்.

"நல்லா வந்திருக்காம்ணே."

"வரட்டும், வரட்டும்."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "போனையே பாத்துக்கினு நிக்காத. அந்தப் பக்கம் புடி."